மதிப்பெண் தாளை மாற்றுங்கள்

அறிவியல் கண்காட்சிக்குத் தேதி குறித்துவிட்டால் பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோலும் சார்ட் பேப்பரும் மளமளவென்று தீரும். மழைநீர் சேகரிப்பு, சூரியக் குடும்பம், காற்றாலை, பொங்கி வழியும் எரிமலை என்று பழைய மாதிரிகளே மறுபடியும் மேசையேறும். முந்தின நாள் இரவு அப்பா ஒயரை இணைப்பார், அம்மா வண்ணம் தீட்டுவார், நடுவரிடம் ஒப்பிக்க வேண்டியதைப் பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, பெற்றோர்தான் கெடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வது வழக்கம். இதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். எடுப்பான ஒரு பொருளும் தடங்கலில்லாத பேச்சும் இருந்தால் பரிசு நிச்சயம் என்றால், அவற்றைத் தயாரிக்கிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கோளாறு நாம் மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது.

எரிமலையையே எடுத்துக்கொள்வோம். களிமண் மலைக்குள் ஒரு சிறு பாட்டில். அதில் ஆப்ப சோடா, கொஞ்சம் சிவப்புச் சாயம். மேலே வினிகரை ஊற்றியதும் நுரை பொங்கி வழிகிறது, கைதட்டல் கிடைக்கிறது. நடந்தது என்ன? வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் சோடாவோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியது, அவ்வளவுதான். உண்மையான எரிமலையில் இந்த வினைக்கு வேலையே இல்லை. பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் பாறைக் குழம்புக்குள் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும், குழம்பு மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் பிரிந்து விரிகின்றன, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதைப் போல. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொங்கி முடித்த அந்தப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், ஏனென்றால் அந்த வினை வெப்பத்தை உள்வாங்குவது. ஆயிரம் டிகிரியைத் தொடும் எரிமலைக் குழம்புக்குக் குளிர்ந்துபோகும் மாதிரி! மேசைக்குப் பின்னால் நிற்கும் மாணவியிடம் “பாட்டில் ஏன் குளிர்ந்தது?” என்று ஒரு நடுவர் கேட்டிருந்தால் அந்த எரிமலைக்குக்கூட ஒரு மதிப்பு வந்திருக்கும்.

அதே சோடா, அதே வினிகர், கூட ஒரு பலூன். இவற்றை வைத்துக்கொண்டே உருப்படியான ஆய்வு செய்யலாம். பலூனுக்குள் 5 கிராம் சோடா. பாட்டிலில் முதலில் 20 மில்லி வினிகர், அடுத்த முறை 40, பிறகு 60, 80, 100, 120 என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டிச் சோடாவைக் கொட்டி, பலூனின் சுற்றளவை நூலால் அளந்து எழுத வேண்டும். ஒரு கட்டம் வரைக்கும் பலூன் பெருத்துக்கொண்டே போகும். அதற்கு மேல் வினிகரை எவ்வளவு ஊற்றினாலும் அநேகமாக அதே அளவில் நின்றுவிடும். கடைகளில் கிடைக்கும் 4 முதல் 5 சதவீத வினிகர் என்றால் அந்த எல்லை 70 மில்லியிலிருந்து 90 மில்லிக்குள் வரும், 5 கிராம் சோடா அதோடு தீர்ந்துவிடுவதுதான் காரணம். பத்தாம் வகுப்பில் சமன்பாடாக எழுதிப் பார்ப்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை நூலும் ஸ்கேலும் வைத்துத் தானே கண்டுகொள்கிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் தாறுமாறாகத் தள்ளி விழுந்தால், பலூன் கசிந்ததா, சோடா பாட்டிலின் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டதா என்று யோசிக்க வேண்டிவரும். நான் கேட்டால், கற்றுக்கொள்வதில் பாதி அந்த யோசனையில்தான் நடக்கிறது என்பேன்.

இது ஏட்டளவில் நின்றுபோன ஆசை இல்லை. பெரிய போட்டிகளின் மதிப்பெண் தாள்கள் ஏற்கெனவே இப்படித்தான் இருக்கின்றன. 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கி, இன்று ஐசெஃப் என்று அறியப்படும் சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஐரிஸ் தேசியப் போட்டி வழியாக இந்திய மாணவர்களும் அங்கே போகிறார்கள். அங்கே மொத்தம் 100 மதிப்பெண். கேள்விக்கு 10, ஆய்வை வடிவமைத்ததற்கு 15, செய்து முடித்ததற்கு 20, படைப்பாற்றலுக்கு 20. மீதியுள்ள 35 விளக்கிக் காட்டுவதற்கு. அந்த 35இலும் சுவரொட்டிக்கு 10தான், நடுவரோடு நேருக்கு நேர் பேசும் நேர்காணலுக்கு 25. அதாவது நம் ஊரில் வெற்றியையே தீர்மானிக்கும் காட்சிக்கு அங்கே பத்தில் ஒரு பங்குதான் எடை. பாதுகாப்புக்காக மேசை மேல் ரசாயனம், செடி, மண், தண்ணீர் எதையும் வைக்கவே அங்கு அனுமதியில்லை. நம் எரிமலையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டுமென்பதும் இல்லை. 1993 முதல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்துவருகிறது. தமிழகத்தில் அதை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, நேரில் போய் அளந்தும் விசாரித்தும், நாட்குறிப்பு வைத்து, தமிழிலேயே ஆய்வறிக்கை எழுதி வாசிக்கிறார்கள். அலங்காரத்துக்கு அங்கே இடம் குறைவு. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு வசதியைப் பற்றியது. ஆய்வகமே சரியாக இல்லாத பள்ளியில் ஆய்வு எப்படிச் செய்வது என்பார்கள். நியாயமான கவலைதான், ஆனால் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. மோட்டார், எல்இடி விளக்கு, அக்ரிலிக் பலகை என்று மாதிரிக்குத்தான் பணம் கரைகிறது. மண்பானையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் பெயிண்ட் அடித்து அழகுபடுத்திய பானையில் தண்ணீர் குளிருமா என்பது எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி. பெயிண்ட் அடித்த பானை மூன்று, அடிக்காதது மூன்று, அதே அளவு தண்ணீர், அதே நிழல். காலையிலும் மாலையிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்து, தராசில் எடை போட்டு எழுதினால் போதும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டரில் 10 கிராம் ஆவியானாலே, கணக்குப்படி, மிச்சத் தண்ணீரின் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். அளந்தால் அவ்வளவு இறங்கியிருக்காது. ஏன் என்று தேடினால் பானைச் சுவர், வெளிக்காற்றின் வெப்பம் எல்லாம் கணக்குக்குள் வரும். சென்னையின் புழுக்கத்திலும் கரூரின் காய்ந்த வெயிலிலும் ஒரே பானை ஏன் ஒரே மாதிரி குளிர்விப்பதில்லை என்பதும் கூடவே புரியும். மூன்று பானை எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரே சூளையில் வெந்த இரண்டு பானைகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் பெயிண்டால் வந்ததா பானையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதானே, பள்ளிப் பிள்ளை புதிதாக எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறது என்றும் கேட்பார்கள். உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்கிற பிள்ளைக்கு விடை முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் போதும். மாதிரியில் விடை தெரிந்த பிறகுதான் வேலையே ஆரம்பமாகிறது.

மாதிரி செய்வதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கைவேலையும் ஒரு படிப்புதான். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது, தெருவில் துணி தேய்ப்பவர்கள் எரிக்கும் கரியைக் கவனித்து, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அது 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குப் போனது. அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் அவர் பேசினார். அவர் வடிவமைத்தது ஒரு பொருள்தான், ஆனால் அது ஒரு தெருவின் தேவையிலிருந்து பிறந்தது. ஐசெஃப்பிலும் பொறியியல் திட்டங்களுக்குத் தனி அளவுகோல் உண்டு. கட்டியதோடு சோதித்தும் பார்த்தார்களா என்று அங்கே கேட்பார்கள். காற்றாலை மாதிரி வைக்கும் மாணவர், இறக்கையின் சாய்வை மாற்றி மாற்றி எத்தனை வோல்ட் வந்தது என்று ஒரு பட்டியலைப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பெரியவர்களின் கை எதில்தான் இல்லை, ஆய்வையும் அப்பாவே எழுதிக் கொடுக்க மாட்டாரா என்பது இன்னும் கடுமையான கேள்வி. கொடுப்பார். சர்வதேசப் போட்டிகளிலும் பல்கலைக்கழக ஆய்வகத்தின் கதவு திறக்கிற பிள்ளைக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்ற குறை உண்டு. முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. வெளி ஆய்வகத்தில் செய்த வேலை என்றால் மாணவர் எதைச் செய்தார், மற்றவர் எதைச் செய்தார் என்று தனிப் படிவத்தில் ஐசெஃப்பில் எழுதி வாங்குகிறார்கள். நேர்காணலுக்கு 25 மதிப்பெண் வைத்திருப்பது நல்ல தற்காப்பு. தானே அளந்த பிள்ளைக்கு எந்த நாள் மழை பெய்தது, எந்தப் பானை விரிசல் விட்டது என்பதெல்லாம் நினைவிருக்கும். மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டாவது கேள்வியில் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

எல்லாவற்றையும்விட மாற வேண்டியது தோல்வியைப் பற்றிய நம் பார்வை. பெயிண்ட் அடித்த பானையிலும் தண்ணீர் அதே அளவு குளிர்ந்தது என்று முடிவு வந்தால், அதை ஒழுங்காக அளந்து சொன்ன பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது. குறைத்தால் அடுத்த ஆண்டு எண்களை ‘சரி’ செய்துகொண்டு வரும், அதைக் கற்றுக்கொடுத்தது நாமாகத்தான் இருப்போம்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே மதிப்பெண் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கேள்விக்கு, அளந்த குறிப்பேட்டுக்கு, மறுபடி செய்து பார்த்ததற்கு, நடுவரோடு பேசுவதற்கு என்று பெரும் பங்கை ஒதுக்கி, அலங்காரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். நடுவராகப் போகிறவர்கள் மேசைக்கு முன் நின்றதும் முதலில் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள்.