மீன்பிடிப் பூனை கூண்டில் ஏன் உலாத்துகிறது?

கம்பியோரமாக நாலு எட்டு, ஒரு திருப்பம், மறுபடி நாலு எட்டு. இல்லையென்றால் நாளெல்லாம் தூக்கம். உயிரியல் பூங்காவில் மீன்பிடிப் பூனையை இப்படிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

ஏன்? சதுப்பு நிலத்தில் அதன் இரவு பெரும்பாலும் இரை தேடலில் கழியும். கரையில் பதுங்கும், முன்காலால் நீரைத் தட்டும், மீன் நெருங்கியதும் தலை முன்னே செல்ல நீருக்குள் பாயும். அடர்ந்த உள்மயிர், தோல்வரை நனையவிடாது. கூண்டிலோ இறைச்சி தட்டில் வருகிறது, சீக்கிரம் தீர்கிறது. தேடும் உந்துதல் தீர்வதில்லை.

எப்படி மாற்றுவது? 1993இல் வெளியான ஓர் ஆய்வில் மீன்பிடிப் பூனைக்கு உயிர்மீன் கொடுத்தார்கள், தூக்கம் குறைந்தது. இன்னொரு சிறு பூனையினமான சிறுத்தைப் பூனைகளுக்கு இரையை ஒளித்துவைத்துப் பலமுறை கொடுத்தபோது உலாத்தலும் குறைந்தது. அவற்றுக்குப் பதுங்க மறைவிடம் அமைத்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஹார்மோனும் இறங்கியது. பெரிய கூண்டைவிட முதலில் தேவை, இரை தேடவும் பதுங்கவும் வழிதான்.