கஞ்சி போன பாய்

சவுதாம்ப்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், நண்பர்களோடு பங்கு போட்டுப் பழைய கான்டெஸா 32 படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். விடுமுறை நாட்களில் சோலெண்ட் நீரிணையில் ஓட்டுகிறார்களாம். ‘முன்பாய் நைந்துவிட்டது. பழைய அளவிலேயே தைக்கட்டுமா, குறைக்கட்டுமா என்று பாய் தைப்பவர் கேட்கிறார். என்ன சொல்வது?’ என்று எழுதியிருக்கிறார். பாய்மரப் படகுப் பேச்சென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காற்று எப்படிப் படகை இழுக்கிறது என்ற பாடத்தை விட்டுவிட்டு நேரே பாய்க்கு வருகிறேன்.

முன்பாயின் அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள். முன்பாயைத் தாங்கும் முன்கம்பி தளத்தில் இறங்கும் இடத்துக்கும் பாய்மரத்துக்கும் உள்ள தூரம் 100. பாயின் முன்விளிம்புக்குச் செங்குத்தாகப் பின்மூலை வரை அளந்தால் அதைப்போல் ஒன்றரை மடங்கு வருகிறதா? அது 150 சதவீதப் பாய். பாய்மரத்தையும் தாண்டிப் பின்னே நீளும் இப்படிப்பட்ட பாய்தான் ஜெனோவா. சுவீடன்காரரான ஸ்வென் சாலேன் 1920களில் இத்தாலியின் ஜெனோவா பந்தயத்தில் கட்டி ஓட்டியதிலிருந்து இது பரவியது.

கான்டெஸா 32, டேவிட் சாட்லர் வரைந்து லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய படகு. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயல் வந்து 15 வீரர்கள் மாண்டார்கள். அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுகள் பிரிவில் கரை சேரும்வரை ஓடி முடித்தது ‘அசென்ட்’ என்ற கான்டெஸா 32 மட்டும்தான். படகின் உடம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பாய்களின் அளவு வேறு கதை. 1970களின் பந்தய விதி, பெரிய முன்பாயும் சிறிய பின்பாயும் உள்ள படகுக்குச் சாதகமாக இருந்தது. வரைந்தவர்கள் அதற்கேற்ப வரைந்தார்கள். அன்று படகில் அரை டஜன் இளைஞர்கள் இருப்பார்கள். காற்று ஏற ஏற ஒரு பாயை இறக்கி அடுத்த சிறிய பாயை ஏற்றுவார்கள். அந்த விதி செத்துப் பல காலம் ஆகிறது. 150 சதவீதப் பாய் மட்டும், ஏன் என்று யாரும் கேட்காமல், உரிமையாளர் மாறி உரிமையாளர் கைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இன்று உங்கள் படகில் இருப்பது ஒரே ஒரு முன்பாய். அதை முன்கம்பியைச் சுற்றிச் சுருட்டும் உருளை உண்டு. காற்று கூடினால் பாதி சுருட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். காற்றின் வேகம் மணிக்கு 10 கடல் மைலிலிருந்து 20 ஆனால் விசை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஆகவே சுருட்டத்தான் வேண்டும். ஆனால் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் சுருட்டினால் பாயின் வடிவம் கெட்டுவிடும். பாய் தட்டையான துணி அல்ல, வயிறு வைத்துத் தைத்தது. சுருட்டும்போது இரு முனைகளும் இறுகும், நடுவயிறு தொங்கிப் பை ஆகும். தட்டையான பாய் வேண்டிய பலத்த காற்றில் உங்களிடம் இருப்பது ஒரு பை! முன்விளிம்பின் நடுவில் நுரைப் பட்டை வைத்துத் தைத்தால், சுருளும்போது அது தடித்து இந்தத் தொங்கலைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். நுரை மாயம் எதுவும் செய்யாது. அளவைச் சரியாகத் தேர்ந்தவனுக்கு அது துணை, அவ்வளவுதான்.

என்னைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும் விஷயம் அளவல்ல, துணி. பாய் கிழிந்தால்தான் பழசு என்று நினைக்கிறோம். ஒரு கிழிசல்கூட இல்லாமலே பாய் செத்துப்போகும்.

வேட்டி மடிக்கும்போது என் அம்மா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து இழுப்போம். நேராக இழுத்தால் துணி அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் அப்படியே நீண்டு கொடுக்கும். பாவு நூலும் ஊடை நூலும் சதுரமாக நிற்பதை விட்டுச் சாய்சதுரமாகச் சரிவதுதான் காரணம். புதிதாகக் கஞ்சி போட்ட வேட்டி அப்படிக் கொடுக்காது, நூல்களைக் கஞ்சி பிடித்து வைத்திருக்கும்.

பாய்த்துணியும் நெசவுதான். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர், அமெரிக்காவில் டேக்ரான் என்ற வணிகப் பெயரோடு பருத்திப் பாயை ஓரம் கட்டியது. அதை நெருக்கமாக நெய்து, சூட்டில் சுருங்கவிட்டு, மேலே பிசின் ஏற்றுகிறார்கள். அந்தப் பிசின்தான் இந்தத் துணிக்குக் கஞ்சி. புதுப் பாய் கையில் எடுத்தால் காகிதம்போல் மொடமொடக்கும். காற்றில் படபடத்து, மடிந்து, கசங்கிப் பிசின் உடைந்த பிறகு பாய் மெத்தென்று ஆகிவிடும். ‘கைக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!’ என்று மகிழ்கிறவரைப் பார்த்துப் பாய் தைப்பவர் உள்ளுக்குள் சிரிப்பார்.

பின்விளிம்புதான் அதிக இழுவை தாங்கும் இடம். நெய்யும்போது பாவு நூல் மேலும் கீழும் வளைந்து போகும், ஊடை நூல் நேராகக் கிடக்கும். வளைந்த நூல் இழுத்தால் நிமிரும், நேரான நூல் நிமிர ஒன்றுமில்லை. ஆகவே துணிப் பட்டைகளைப் பின்விளிம்புக்குக் குறுக்காக அடுக்கி, ஊடை நூல் அந்த விளிம்போடு ஓடும்படி தைக்கிறார்கள். இதுதான் குறுக்கு வெட்டு. அப்படிச் செய்தால் முன்விளிம்பில் நூல்கள் சாய்வாக விழும். அந்தச் சாய்வில் துணி கொடுக்கும். பாயை ஏற்றும் கயிற்றை இறுக்கினால் முன்விளிம்பு நீண்டு, வயிறு முன்னே நகர்வது இதனால்தான். கப்பலோட்டி இந்தக் குறையையே கருவியாக்கிக்கொள்கிறான்.

பிசின் போன பாயில் இந்த வித்தை பலிக்காது. காற்று ஏறியதும் வயிறு ஆழமாகி, பின்னே போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னே இழுக்க வேண்டிய விசை பக்கவாட்டில் தள்ளும். படகு சாயும், சுக்கான் கையை இழுக்கும், வேகம் வராது. ‘காற்று அதிகம்’ என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். குற்றவாளி காற்றல்ல.

பாயின் பெரிய எதிரி புயலென்று நினைக்காதீர்கள், வெயில். புற ஊதாக் கதிர் முதலில் தின்பது தையலை. கெட்டியான துணியில் நூல் அமுங்காமல் மேலே துருத்தி நிற்பதால் வெயிலும் உராய்வும் அதன் மேலேதான் விழும். நகத்தால் தையலைச் சுரண்டிப் பாருங்கள். நூல் அறுந்தால் துணி நன்றாக இருந்தும் பாய் பிரியும். மறுதையலுக்கு ஆகும் செலவு புதுப் பாயின் விலையில் சிறு பங்குதான். இதைச் செய்யாமல், குளிர்காலம் முழுக்கப் பாயை உருளையிலேயே விட்டுவிட்டு, ஒரு புயலில் அது அவிழ்ந்து கந்தலான பிறகு தலையில் கை வைக்கிறார்கள். துறைமுகங்களில் ஓட்டத்தில் தேய்ந்த பாய்களைவிடச் சும்மா கிடந்தே வீணான பாய்கள் அதிகம் என்பது என் கணிப்பு. தூக்கி எறிந்தாலும் பாலியெஸ்டர் மண்ணில் மட்காது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, வாசகரே, உங்களுக்கு என் தீர்ப்பு. 150 வேண்டாம். 130 சதவீதத்தை ஒட்டித் தையுங்கள். மென்காற்றில் கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் நடுத்தரக் காற்றில் முழுதாக விரிக்கலாம், பலத்த காற்றில் 110 வரை வடிவம் கெடாமல் சுருட்டலாம், கயிறு இழுக்கும் கைகளும் தப்பும். படலம் ஒட்டிய விலையுயர்ந்த துணிகள் பந்தயக்காரர்களுக்கு இருக்கட்டும். அவை வடிவம் காக்கும், ஆனால் பூஞ்சை பிடிக்கும், அடுக்கு பிரியும். 6.5 அல்லது 7 அவுன்ஸ் டேக்ரான், குறுக்கு வெட்டு, முன்விளிம்பில் நுரைப் பட்டை போதும். பின்மூலையைத் தளத்திலிருந்து சற்று உயர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். ஃபெர்ரிகள் குறுக்கே பாயும் அந்த நீரிணையில் பாய்க்குக் கீழே பார்வை போக வேண்டும். முன்விளிம்பு நீளத்தைப் பழைய விளம்பரத் தாளைப் பார்த்துச் சொல்லாதீர்கள், பாய் தைப்பவரைப் படகிலேயே அளக்கச் சொல்லுங்கள். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் காக்கும் அக்ரிலிக் துணிப் பட்டை கட்டாயம்.

பருவம் முடிந்ததும் பாயைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து வீட்டுக்குள் வையுங்கள். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்படுகிறவருக்கு எந்த அளவுப் பாயும் பொருந்தாது.