பத்து வருஷ நர்ஸுக்கும் புதுசா வந்தவருக்கும் ஒரே சம்பளமா? ‘திறன் சட்டகம்’ என்ன சொல்கிறது?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி என எங்கும் கூட்டம். பாறையில் வழுக்கி விழுந்தவர், தலையில் அடிபட்டவர் எனப் பலரைப் பக்கத்தில் இருக்கும் தென்காசிக்குத்தான் தூக்கி வருவார்கள்.

அந்த நேரம் கேஷுவாலிட்டியில் இரண்டு நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போன மாதம் சேர்ந்தவர். இன்னொருவர் பத்து வருஷ அனுபவசாலி. யாரை முதலில் கவனிக்கணும் என்று வந்தவுடனே சொல்லிவிடுவார். ஆனால் சம்பள வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால், “அப்போ நான் கத்துக்கிட்டதுக்கு என்ன மதிப்பு?” என்று அவர் கேட்பது நியாயம்தானே?

இப்போது எப்படி முடிவாகிறது?

உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவு என்றால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். இது பரிந்துரைதான். ஆனால் புளியரை தாண்டினால் வரும் கேரளத்தில், 2018-ல் 20,000 ரூபாயை அடிப்படைச் சம்பளமாக அரசே அறிவித்தது.

நல்ல விஷயம்தான். ஆனால் படுக்கை எண்ணிக்கை மருத்துவமனையை அளக்கிறது. நர்ஸின் கைத்திறமையை அளப்பதில்லை.

திறன் சட்டகம்னா என்ன?

ஒரு வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்கணும், எந்த அளவுக்குத் தெரிந்திருக்கணும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. காயத்தைச் சுத்தம் செய்து கட்டுவது ஒரு படி. அவசரத்தைப் பார்த்து நோயாளிகளை வரிசைப்படுத்துவது அடுத்த படி. ஜூனியர்களுக்கு அதைச் சொல்லித்தருவது அதற்கும் மேல்.

எங்கே செய்து பார்த்தார்கள்?

பிரிட்டனின் என்.எச்.எஸ். 2004-ல் புதிய சம்பளத் திட்டத்தோடு இதைக் கொண்டுவந்தது. தகவல் தொடர்பு, பாதுகாப்பு, தரம் உட்பட 6 அடிப்படைத் திறன்கள் எல்லா ஊழியருக்கும் பொது; வேலைக்கேற்ப இன்னும் 24. ஒவ்வொன்றிலும் 4 நிலைகள். வருடாந்திர ஆய்வில் குறை தெரிந்தால் பயிற்சி. சம்பள ஏணியில் இரண்டு இடங்களில் ‘வாசல்’ வைத்தார்கள். திறனைக் காட்டினால்தான் அதைத் தாண்ட முடியும்.

சிக்கலே இல்லையா?

உண்டு. படிவங்கள் குவிந்ததால் 2010-ல் அதை எளிமையாக்க வேண்டியிருந்தது. மதிப்பிடுவது ஒரே ஆள் என்றால் வேண்டியவர், வேண்டாதவர் பிரச்சினையும் வரும். பயிற்சிக்கு நேரமும் பணமும் தராமல் ‘திறன் போதாது’ என்று இன்க்ரிமென்ட்டை நிறுத்தினால், அது சம்பளத்தைக் குறைக்கும் சாக்கு மட்டுமே.

நீங்கள் என்ன செய்யலாம்?

முடித்த பயிற்சி, செய்த சிகிச்சை முறைகள், ஜூனியர்களுக்குக் கற்றுத்தந்தது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். அடுத்த அப்ரைசலில், “எவ்வளவு கூட்டுவீங்க?” என்பதோடு, “அடுத்த படிக்கு நான் என்ன கத்துக்கணும், அதுக்கு எவ்வளவு கூடும்?” என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.