வெற்றுக் கட்டமும் அதன் விலையும்

செய்யுள் இயற்றப் புகுவோன் முதற்கண் யாப்பைக் கற்கின்றான். வெண்பாவின் யாப்பு ஒன்றே. அதனிற் பாடப்பட்ட பொருள்களோ எண்ணிறந்தன. இடியப்ப உரலும் அத்தகையதே. சிவப்பரிசி மாவை இடினும் வெள்ளையரிசி மாவை இடினும் அதன் துளைகள் மாறுவதில்லை. உள்ளீடு மாறவும் தான் மாறாது நிற்கும் இத்தகைய அமைப்பைக் கணினித் துறையினர் வார்ப்புரு என வழங்குவர். வகுப்பறையில் ஆடத்தக்க வினாவிடை விளையாட்டுக்களுக்கு வார்ப்புருக்களை ஆக்கி, அவற்றை ஓய்வுநேரத் துணைத்தொழிலாக விற்கும் வழக்கம் இந்நூற்றாண்டில் அமெரிக்க ஆசிரியரிடையே வளர்ந்துள்ளது. அவர்கள் விற்பது யாது, அது யாருக்கு உரியது, அதனால் கல்விக்கு விளையும் பயன் யாது என்னும் மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வார்ப்புருக்களுள் நன்கு அறியப்பட்ட ஒன்று ஜெப்பர்டி என்னும் தொலைக்காட்சி விளையாட்டைத் தழுவியது. மேர்வ் கிறிபின் என்பார் அமைத்த அவ்விளையாட்டு 1964ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆந் திகதி என்.பி.சி. நிறுவனத்தால் முதன்முதல் ஒளிபரப்பப்பட்டது. பலகையில் ஆறு தலைப்புக்கள் உள. தலைப்பொன்றுக்கு ஐந்து கட்டங்களாக முப்பது கட்டங்கள் உள. கீழே செல்லுந்தோறும் வினாவின் கடுமையும் அதற்குரிய மதிப்பும் உயரும். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த பவர்பொயின்ற் என்னும் நிகழ்த்துகை மென்பொருள் பிற்காலத்திற் பாடசாலைகளிற் பரவவே, ஆசிரியர் பலர் இப்பலகையைத் தத்தம் வகுப்புக்கேற்ப அதன்கண் அமைத்துக்கொண்டனர். நியூயோர்க் நகரில் ஆசிரியராயிருந்த போல் எடெல்மன் என்பார் 2006ஆம் ஆண்டில் ரீச்சர்ஸ் பே ரீச்சர்ஸ் என்னும் இணையச் சந்தையைத் தொடங்கினார். ஓராசிரியர் ஆக்கிய பாடத்துணையைப் பிறிதோராசிரியர் விலைகொடுத்து வாங்கும் இடம் அது. 2023ஆம் ஆண்டில் ஐ.எக்ஸ்.எல். லேர்னிங் என்னும் கம்பனி அதனைத் தன்னுடையதாக்கிற்று.

இனி, இவ்வார்ப்புருவின் உள்ளமைப்பை நோக்குவாம். பலகைக்கு ஒரு படவில்லை, வினாக்களுக்கு முப்பது, விடைகளுக்கு முப்பது என அறுபத்தொரு படவில்லைகள் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அதற்குரிய வினாவுக்கும், வினாவிலிருந்து விடைக்கும், விடையிலிருந்து மீண்டும் பலகைக்கும் மீயிணைப்பு இடல் வேண்டும். அவற்றுள் ஒன்று பிழைப்பினும் வகுப்பின் நடுவே ஆட்டம் குலையும். ஒருமுறை தொடப்பட்ட இணைப்பெழுத்தின் நிறம் மாறுதல் இம்மென்பொருளின் இயல்பாதலால், எக்கட்டம் ஆடப்பட்டது என்பதை மாணவர் எளிதில் அறிவர்.

தனக்கென ஒன்றை அமைப்பதிலும் பிறர்க்கென அமைப்பது அரிது. வாங்குபவர் எழுத்தை மாற்றுங்கால் அழகுருவங்கள் இடம்பெயராதிருத்தற்பொருட்டு, அவற்றை எல்லாப் படவில்லைகளுக்கும் அடிப்படையாயுள்ள தலைமைப் படவில்லையில் வைத்தல் வேண்டும். நீண்ட வினா எழுதப்படின் பெட்டிக்குள் அடங்குமாறு எழுத்துத் தானே சுருங்கல் வேண்டும். எழுத்துருவும் கருதற்பாலது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தோன்றும். ஒருங்குறியில் எழுதின் அவ்விடர் நீங்கும். ஆக்கியோன் அருகில் இல்லாதபோதும் அறியாதார் கையில் உடையாது நிற்றலே நல்ல வார்ப்புருவின் இலக்கணம்.

இதன் பொருளியல் விளங்குதற்கு ஒரு கணக்கு உதவும். மேற்கூறிய சந்தையில் ஆண்டுக்கட்டணம் செலுத்தாத விற்பனையாளருக்கு விலையில் 55 சதவீதமும், செலுத்தியவருக்கு 80 சதவீதமும் அளிக்கும் முறை இருந்துவந்தது. வார்ப்புரு ஒன்றின் விலை 3 டொலர் எனின், 55 சதவீத முறையில் ஆக்கியோனை அடைவது 1.65 டொலர். அதனை ஆக்க 40 மணி நேரம் சென்றதெனவும், மணிக்கு 5 டொலர் கூலி எனவும் கொள்ளின், உழைப்பின் மதிப்பு 200 டொலர். அது மீள 122 படிகள் விலைபோதல் வேண்டும். அதற்குமேல் விற்கும் படிக்குப் புதிய உழைப்பு இல்லையாதலின் வருவதெல்லாம் ஊதியமே எனப் பலர் எண்ணுவர். ஆயின் வாங்கினோர் கேள்விகளுக்கு விடையளித்தலும், மென்பொருள் மாறுந்தோறும் திருத்தலும் அக்கணக்கில் ஏறாத உழைப்பாம்.

உரிமை பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு பழைய வழக்குத் துணைசெய்யும். செல்டன் என்பார் எழுதிய கணக்குப்பதிவு நூலிற் கோடிட்ட வெற்றுப் படிவங்கள் இருந்தன. அவற்றையொத்த படிவங்களைப் பேக்கர் என்பார் வெளியிட, வழக்கு எழுந்தது. நூலுக்குரிய பதிப்புரிமை அந்நூல் விளக்கும் கணக்குமுறைக்கோ, அதற்கு வேண்டிய வெற்றுப் படிவங்களுக்கோ செல்லாது என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1880இல் தீர்த்தது. வெண்பாவின் யாப்பு எவர்க்கும் பொது. பாடிய பாட்டே பாடினோர்க்கு உரியது என்பதை இதனோடு ஒப்பிடலாம். எனவே ஆட்டத்தின் முறையை எவரும் கையாளலாம்; பிறர் வரைந்த ஓவியத்தையும், அமைத்த இசையையும், பதிவுசெய்த வர்த்தகக் குறியையும் இசைவின்றி எடுத்தல் ஆகாது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கருத்துக்களுக்கும் முறைகளுக்கும் பாதுகாப்பளிப்பதில்லை.

பணியிலிருப்போர் மற்றொன்றையும் கருதல் வேண்டும். நியூயோர்க் மாநிலத்து ஆசிரியர் ஒருவர் தம் பாடசாலை மாவட்டத்தோடு தொடுத்த வழக்கில், அவர் ஆக்கிய பரீட்சைகளும் வீட்டுப் பயிற்சிகளும் பணியின்பாற்பட்டன. ஆதலின் அவை மாவட்டத்திற்கே உரியன என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. பிறிதோர் உடன்பாடு இல்லாவிடத்து, பணியின்போது ஆக்கப்பட்டதன் பொருளாதார உரிமை தொழில்தருநர்க்கு உரியது என்பதே நம் சட்டத்தின் நிலையுமாம். தன் வீட்டில், தன் நேரத்தில், தன் கணினியில் ஆக்கினேன் என்று கூறினால் மட்டும் ஐயம் முற்றும் அகலாது. விற்கத் தொடங்குமுன் எழுத்துமூலம் இசைவு பெறுதல் அறிவுடைமை.

இவை யாவற்றினும் முதன்மையானது கல்விப்பயன் பற்றிய வினாவாகும். வெற்றுக் கட்டம் எதனையும் ஏற்கும் என்பது தோற்றமே. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட ஆண்டு யாது என்னும் வினா அதனுள் அடங்கும். 1815 என்னும் விடையும் அடங்கும். அது ஏன் அவ்வாறாயிற்று என்னும் வினாவோ அதனுள் அடங்காது. முப்பது கட்டங்களையும் நிரப்பக் கருதும் ஆசிரியர், தம்மையறியாமலே பெயரையும் ஆண்டையும் வினாவுவர், காரணத்தை விட்டுவிடுவர். ஒருவர் அமைத்த கட்டம் பல வகுப்புக்களிற் புகுமாயின், அவ்வகுப்புக்கள் யாவற்றிலும் எவ்வகை வினா எழும் என்பதை அது ஓரளவு வரையறுத்து விடுகின்றது.

ஆகவே இத்துறையிற் புகும் மாணவரும் பழைய மாணவரும் கட்டங்களை எழிலுற அமைப்பதோடு அமையாது, காரணங் கூறவும் ஒருவரோடொருவர் வாதிடவும் இடந்தரும் கட்டங்களையும் அவற்றினிடையே வைப்பாராக. வாங்கும் ஆசிரியரும் தம் வினாக்களை முன்னர் எழுதிக்கொண்டு, அவற்றுக்கேற்ற வடிவத்தைப் பின்னர்த் தேடுவாராக. அங்ஙனஞ் செய்யின், கொடுக்கும் விலைக்கு வகுப்பறையிற் பயன் உண்டாம்.