சட்டத்துக்குள் போன அட்டை

நண்பர் ஒருவர் தன் வீட்டுச் சுவரில் பழைய வாரப் பத்திரிகை அட்டைகள் ஏழெட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கோலம் போடும் பெண், கோயில் யானை, தீபாவளி மத்தாப்பு. ‘இது எந்த வருஷத்து இதழ்?’ என்று கேட்டேன். தெரியவில்லை. ‘பின்பக்கம் என்ன இருக்கு?’ ‘அதை யாரு பாக்கறாங்க? பசை போட்டு ஒட்டியாச்சே’ என்றார். இங்கிருந்துதான் பிரச்சினை தொடங்குகிறது.

அட்டை ஓவியம் மட்டுமல்ல, அது ஒரு பண்டத்தின் மேலுறையும்கூட. 1926இல் ஆனந்த விகடன், 1941இல் கல்கி, 1947இல் குமுதம் என்று தொடங்கிய இதழ்கள் எல்லாம் கடையில் தொங்கி, கண்ணில் பட்டு, விற்றாக வேண்டியவை. மாலி, மணியம், கோபுலு ஆகியோரின் கோடுகள் இந்தச் சந்தைக்குள்தான் உருவாயின. முன்னட்டைப் படம் வாசகரை அழைக்கிறது. பின்னட்டை விளம்பரமோ அந்த வாசகர் யார், எதை வாங்கக்கூடியவர் என்பதைப் போட்டு உடைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் பிரதி.

இன்று இந்த அட்டைகள் அரிதாகிப் போனதற்குக் காரணம் நம் வாசிப்புப் பழக்கம். 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் வரத் தொடங்கியது. இப்படிப்பட்ட தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. கதையோடு மணியத்தின் படங்களும் பிழைத்தன. அட்டை பைண்டுக்குத் தேவைப்படவில்லை. நோட்டுக்கு உறையாகவோ அலமாரித் தட்டுக்கு விரிப்பாகவோ போய், மிச்சம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. அன்று கதைக்காக அட்டையைக் கழித்தோம். இன்று அட்டைக்காக இதழைக் கழிக்கிறோம். கத்தரி மட்டும் மாறவில்லை.

வேறு விதமாகச் சேர்த்தவரும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று உயர்வு தாழ்வு பாராமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமானார். 1994இல் அவருடைய சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அழகானதை மட்டும் பொறுக்கியிருந்தால் அது வரவேற்பறை அலங்காரமாக நின்றுபோயிருக்கும்.

சரி, சுவரில் மாட்டவே கூடாதா? மாட்டலாம், நகலை. மரக்கூழ்த் தாள் வெளிச்சம் பட்டால் பழுப்பேறி நொறுங்கும். பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பசை, செல்லோடேப், லாமினேஷன் மூன்றும் மீட்க முடியாத சேதம். மூலத்தை இதழோடு சேர்த்து இருட்டில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நகலுக்குக் கீழே தேதியையும் ஓவியர் பெயரையும் எழுதுங்கள். பின்னட்டையையும் பக்கத்தில் மாட்டுங்கள்.

தேதியில்லாத அட்டை ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விட வைக்கிறது. யாருடைய அந்தக் காலம்? கோலம் போட்ட அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாதவர்களுக்கும் அதே வருஷம்தான் நடந்தது. படத்தை பிளாக் செய்து, வண்ணம் வண்ணமாக அச்சேற்றிய தொழிலாளிக்கும்தான். அந்தக் கேள்விகளை எல்லாம் பசை போட்டு ஒட்டிவிட்டுப் படத்தை மட்டும் ரசிப்பது சேகரிப்பு ஆகாது.