மீகாமர் கண்

ஆங்கிலத்திலே ‘பைலட்’ என்னும் ஒரே சொல் இருவரைக் குறிக்கும். ஒருவர் விமானி, மற்றவர், துறைமுகத்தை அணுகும் கப்பலில் ஏறி அதனை உள்ளே நடத்திவரும் மீகாமர். கொழும்புத் துறைமுகத்து மீகாமர் ஆடும் படகிலிருந்து கயிற்றேணி பற்றிக் கப்பலில் ஏறுதல் வேண்டும். ஆதலின் கைகால் வலியும் நெஞ்சுறுதியும் அவர்க்கு இன்றியமையாதன. விமானிக்கு அவ்வேணி இல்லை. காற்றழுத்தம் மாறுங்கால் காதும் மூக்கும் தொல்லை தராதிருத்தல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளும் ஆராயப்படும். 2007இற் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிற் பாலத்தோடு மோதிய கப்பலின் மீகாமர்க்கு மருந்துகளால் அறிவு மந்தித்திருந்ததென விசாரணை கண்டது. எனினும், இருவர்க்கும் பொதுவான தகுதிகளுள் தலையாயது கண்ணே.

பார்வை மங்கலைக் கண்ணாடியாற் சரிசெய்துகொள்ள விதிகள் இடந்தருகின்றன. பிறவி நிறக்குருட்டுக்கோ மருந்தில்லை. கப்பலாயினும் விமானமாயினும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இருளில் எதிர்ப்படுவது எத்திசை செல்கின்றது என்பதை இந்நிறங்கள் உணர்த்தும். ஓடுபாதையருகே நான்கு விளக்குகள் வரிசையாக உள. இரண்டு வெண்மையும் இரண்டு செம்மையுமாயின் இறங்கும் சரிவு செவ்விது; நான்கும் சிவப்பாயின் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது. 2002 யூலை 26 அன்று அமெரிக்காவின் தலஹாசி நகரில் விடியுமுன் இறங்கவந்த சரக்கு விமானமொன்று, நான்கும் சிவப்பாய் எரிந்தும், மரங்களில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த மூவரும் உயிர்தப்பினர். களைப்போடு, விமானத்தைச் செலுத்திய துணை விமானியின் நிறப்பார்வைக் குறையும் காரணங்களுள் ஒன்றென விசாரணை கூறிற்று. அவர் விதிவிலக்குப் பெற்றே பறந்தவர்!

சிவப்பையும் பச்சையையும் மயக்கும் இக்குறை ஆண்மகனுக்குத் தாய்வழியே வருவது. நிறமறியாத பாட்டனாரின் மகள் நிறமறிவாள். அவள் மகன் அறியாதிருக்கக்கூடும். ஆகவே, பெற்றோர் இருவரும் குறையிலர் என்று வாளாவிருத்தல் தகாது. குறையுடையவனும் பெரும்பாலும் அதனைத் தானே உணரான். கொழுந்து பச்சை, மாணிக்கம் சிவப்பு என்று பிறர் சொல்லக் கேட்டுப் பழகியவன் அவன். கரவனெல்லைப் பக்கத்துத் தோட்டப்புற மாணவனொருவன் உயர்தரத்திற் கணிதம் கற்றுத் தேறி, பெற்றோர் கடன்பட்டுப் பயிற்சிக் கட்டணமும் செலுத்தியபின் இதனை அறிய நேர்வது கொடிது. வர்த்தக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கட்டணத்துக்கு முன்னரே அச்சோதனைக்கு உட்படுதல் நன்று. அதற்கும் முன்னர், யப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தாள்கள் சில நிமிடங்களிற் குறையைக் காட்டிவிடும். பாடத்துறை தெரியுமுன் ஆசிரியர் இதனை நினைவூட்டலாம்.

தாளில் தவறியவனும் உடனே மனமுடைய வேண்டியதில்லை. விமானப் போக்குவரத்தில் வழங்கும் விளக்குகளின் நிறங்களைப் பிறிதொரு சோதனையிற் பிழையின்றி இனங்காண்பானாயின், அவனைத் தகுதியுடையவனெனக் கொள்ளச் சர்வதேச விதி இடமளிக்கின்றது.