உஷார்! மருந்து சிமென்ட்டை நம்பி அசந்துவிடாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்றிய காலில் தையல் போட்ட இடம் கசிகிறதா? மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்!

"மருந்து கலந்த சிமென்ட்டு வச்சிருக்காங்க, சீழ் பிடிக்காது" என்ற நினைப்புதான் இன்று பெரிய ஆபத்து. செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும், ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த இந்தச் சிமென்ட்டை 1970-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டாக்டர் புக்ஹோல்ஸ் அறிமுகப்படுத்தினார். ஆபரேஷன் தியேட்டரிலேயே தூளையும் திரவத்தையும் கலப்பார்கள். பிசைந்த மாவாகி, சூடேறி, சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். அதன் மேற்பரப்பிலிருந்துதான் மருந்து கசியும். அதுவும் முதல் சில நாட்களில்தான் அதிகம். பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். மருந்து தீர்ந்த சிமென்ட்டின் மேலும் உலோகத்தின் மேலும் கிருமிகள் பாசிபோலப் படர்ந்துகொண்டால், மாத்திரை அங்கே எடுபடாது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோல் பதனிடும் டேனரியில் ஈரத் தரையில் நின்றே வேலை பார்த்த காலில் சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் இருக்கும். குரோமியம் பட்ட கையில் தோல் வெடித்திருக்கும். அந்த வெடிப்புகள் கிருமிக்குத் திறந்த வாசல். சர்க்கரை நோயும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. புண்ணை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஆறி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். வலிக்கு முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும்.

கடை மாத்திரை ஏன் கூடாது? அது கிருமியைக் கொல்லாது, ஒளித்துவைக்கும். முட்டி நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகும். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2012-லேயே மருத்துவச் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. பல முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச்1 பட்டியலில் சேர்த்த விதி 2014 மார்ச்சில் அமலானது. சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்கும் பழக்கம்தான் போகவில்லை.

ஆரம்பத்திலேயே போனால், பொருத்திய மூட்டைக் கழற்றாமல் உள்ளே கழுவிச் சுத்தம் செய்தே காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதித்தால் மூட்டைக் கழற்றி, தற்காலிகச் சிமென்ட் கட்டை வைத்து, வாரக்கணக்கில் ஊசி ஏற்றி, மறுபடி ஒரு பெரிய ஆபரேஷன். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் அதைத் தாங்குமா?

கசிவு, சிவப்பு, சூடு, திரும்பி வரும் வலி: இதில் ஒன்று தெரிந்தாலும் போதும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டுகள் கழித்துக்கூடப் பல் சீழ், கால் புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டுக்கு வரலாம். வீட்டில் மூட்டு மாற்றிய அம்மா, அப்பா இருந்தால், இன்றைக்கே அவர்கள் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள்.